நில அளவையும் நிலமற்றவரும்

பேர்ச் என்பது ஆங்கிலேயர் இந்நாட்டுக்குக் கொண்டுவந்த நில அளவைகளுள் மிகச் சிறியது. நாற்பது பேர்ச் ஒரு றூட். நான்கு றூட் ஓர் ஏக்கர். நமது பாடசாலைக் கணித நூல்களில் இந்த வாய்ப்பாட்டின் இடத்தை ஹெக்டேயர் பிடித்துக்கொண்டு பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் ஏதேனும் ஓர் இறப்பர்த் தோட்டத்துக்குச் சென்று பாருங்கள். பள்ளிக்கூட வாசலை மிதித்தறியாத மூதாட்டியும் 'ஏழு பேர்ச்' என்ற சொல்லைத் தயக்கமின்றிச் சொல்வாள். தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தனிவீடு கட்ட ஏழு பேர்ச் காணி உறுதியுடன் வழங்கப்படும் என்பது 2015ஆம் ஆண்டுக்குப் பின்னர் அரசாங்கம் தந்த வாக்கு. சிலருக்குக் கிடைத்தது. மிகப் பலர் இன்னும் லயத்திலேயே காத்திருக்கின்றனர்.

சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி. வெள்ளைத் துரைமார் கட்டிய லயத்து அறை, வழக்கமாகச் சொல்லப்படுவதுபோல, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது 120 சதுர அடி. அரைப் பேர்ச்கூட இல்லை. நூற்றுக்கணக்கான ஏக்கரில் மரம் நட்டுப் பால் வெட்டிய குடும்பம் தலைமுறை தலைமுறையாக அரைப் பேர்ச்சுக்கும் குறைந்த இடத்தில் சமைத்தது, உறங்கியது, பிள்ளை பெற்றது. அந்த அரைப் பேர்ச்சும் அதற்குச் சொந்தமில்லை.

இந்நிலை இயற்கையாக வந்ததன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு பெரும்பாலும் நில அளவையாளனின் சங்கிலியோடு பிணைந்தது. சப்ரகமுவயின் நிலத்தை அரசாங்கம் இருமுறை முனைந்து அளந்தது. முதன்முறை அளந்தது கிராமத்தவனிடமிருந்து எடுப்பதற்கு. இரண்டாம் முறை அளந்தது கிராமத்தவனுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. முதல் அளவையின் பயனைத் தோட்ட முதலாளி பெற்றான். இரண்டாம் அளவையின் சுமையைத் தோட்டத் தொழிலாளி ஏற்றான். அளந்து எடுத்த நாளிலும் அளந்து கொடுத்த நாளிலும் லயத்து மனிதனுக்கு அந்தப் படத்தில் இடமிருக்கவில்லை. இதனை விளங்கிக்கொள்ளாமல் இன்றைய ஏழு பேர்ச் விவகாரத்தை விளங்கிக்கொள்ள முடியாது என்பதே நமது எண்ணம்.

விதைப்பாடும் சங்கிலியும்

சங்கிலி வருமுன்னர் சப்ரகமுவ மக்கள் நிலத்தை அளக்காமலா இருந்தனர்? அளந்தனர், ஆனால் நெல்லால் அளந்தனர். ஒரு வயலில் எத்தனை அமுணம், எத்தனை குறுணி விதை விதைக்கலாமோ அதுவே அவ்வயலின் அளவு. நல்ல மண்ணில் ஓர் அமுணம் விதைப்பாடு ஓர் அளவாகவும், கெட்ட மண்ணில் வேறோர் அளவாகவும் இருக்கும். நிலத்தின் பரப்பை மட்டுமன்றி அதன் வளத்தையும், அதில் உழைப்பவனின் தேவையையும் ஒருங்கே சொல்லும் அளவை அது.

வயலுக்கு அப்பால் மேட்டில் வீட்டுத் தோட்டம். அதற்கும் அப்பால் காடு. அக்காட்டில் ஒரு பகுதியை வெட்டி எரித்து, ஓரிரு போகம் குரக்கனோ மலைநெல்லோ விதைத்துவிட்டு, மண் மீண்டும் உரம் பெறப் பல ஆண்டுகள் விட்டுவைப்பது வழக்கம். இதுவே சேனைப் பயிர்ச்செய்கை. பார்ப்பவன் கண்ணுக்கு வெறுங்காடாகத் தோன்றும் நிலம், கிராமத்தவன் கணக்கில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும் நிலம். கால்நடை மேய்ந்ததும், விறகும் மூங்கிலும் மருந்து வேர்களும் கிடைத்ததும் அங்கேதான். வயல் இல்லாத ஏழைக்கு உயிர்நிலை அந்தச் சேனையே.

1800ஆம் ஆண்டில் ஆளுநர் பிரெடெரிக் நோர்த் நில அளவைத் திணைக்களத்தை நிறுவி, பிரெஞ்சுக்காரரான ஜொன்வில் என்பவரை அதன் தலைவராக்கினார். கரையோரத்தைப் பிடித்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. கண்டி இன்னும் வீழவில்லை. ஆட்சியைச் செம்மையாக அமைக்குமுன் அளவைத் திணைக்களத்தை அமைத்துக்கொண்டது ஏகாதிபத்தியம். அதன் கருவி அறுபத்தாறடி நீளமான இரும்புச் சங்கிலி. அதில் நூறு கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். இந்த ஏக்கருக்கு மண்ணின் நன்மை தீமை தெரியாது. யார் எப்போது விதைத்தார் என்பதும் தெரியாது. நிலத்தை விலைபேசுவதற்கு இதைவிட வசதியான அளவை வேறில்லை.

சங்கிலியைக் குற்றஞ்சாட்டுவது நமது நோக்கமன்று. அட்டைக்கடியிலும் மலேரியாக் காய்ச்சலிலும் அடர்காட்டை ஊடறுத்து நேர்கோடு வெட்டிச் சென்ற அளவையாளர்களின் உழைப்பும், கூலிக்குச் சங்கிலி சுமந்தவர்களின் உழைப்பும் மதிக்கத்தக்கவையே. 1897ஆம் ஆண்டில் தொடங்கி 1924ஆம் ஆண்டில் முடிந்த, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவிலான நாட்டுப்படம் அறிவியலின் ஒரு சாதனை. கேள்வி, அளந்தவன் யாருக்காக அளந்தான் என்பதே.

எடுப்பதற்கு அளந்த காலம்

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம் நமது நாட்டுக் காணி வரலாற்றின் திருப்புமுனை. காடு, தரிசு, குடியில்லாதது, பயிரில்லாதது ஆகிய நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியது என்று அது கருதிக்கொண்டது. பழைய கண்டி இராச்சியப் பகுதிகளில் சேனை நிலமும் இவ்வாறே கருதப்படும். தனதென்று சொல்பவன் அரசன் கொடுத்த சன்னஸைக் காட்டவேண்டும். அல்லது வழக்கமான வரியோ சேவையோ செலுத்தியதை நிரூபிக்கவேண்டும். சப்ரகமுவ கண்டி இராச்சியத்தின் ஒரு திசாவையாக இருந்த நாடு. ஆகவே இவ்விதி அதன் தலையில் முழுமையாக விழுந்தது.

சட்டத்தின் சூட்சுமம் இங்கே கவனிக்கத்தக்கது. நிலம் உன்னுடையதல்ல என்று அரசாங்கம் நிரூபிக்க வேண்டியதில்லை. என்னுடையது என்று உழவன்தான் நிரூபிக்க வேண்டும். சன்னஸ் யாரிடம் இருந்தது? பிரபுக்களிடமும் விகாரைகளிடமும் தேவாலயங்களிடமும் இருந்தது. இரத்தினபுரிச் சமன் தேவாலயம் போன்றவற்றின் நிலங்களுக்கு 1856ஆம் ஆண்டின் கோயிற்காணிப் பதிவுச் சட்டம் வழிசெய்தது. சேனை வெட்டிய சாதாரண உழவனிடம் என்ன ஏடு இருந்திருக்கும்? பாட்டன் வெட்டினான், தந்தை வெட்டினான், நான் வெட்டுகிறேன் என்ற நினைவொன்றே அவனுடைய உறுதிப்பத்திரம். அந்த உறுதியைக் கச்சேரி ஏற்கவில்லை.

கோப்பிக் காலத்தில் முடிக்குரிய நிலம் 1844 வரையில் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற அடிப்படை விலையில் ஏலத்தில் விடப்பட்டது. ஆளுநர் உட்பட உயர் அதிகாரிகளே வாங்கியோர் வரிசையில் நின்றனர். சட்டத்தை இயற்றிய கையே நிலத்தையும் வாங்கிய காட்சியைச் சிறிது சிந்தித்துப் பாருங்கள்.

ஆயினும் சப்ரகமுவயின் தாழ்ந்த குன்றுகளுக்கு முழு ஆபத்து வந்தது அரை நூற்றாண்டுக்குப் பிறகே. மத்திய மலைகளில் தோட்டங்கள் பெரும்பாலும் உயர்காடுகளை விழுங்கின. கிராமங்கள் பள்ளத்தாக்குகளில் இருந்தன. சப்ரகமுவயிலோ குன்றுக்கும் கிராமத்துக்கும் இடையே தூரமில்லை. வயல் முடிந்த இடத்தில் சேனை தொடங்கியது. அந்தச் சேனைக் குன்றுகளே முதலில் தேயிலைக்கும், பின்னர் இறப்பருக்கும் தேவைப்பட்டன.

1889ஆம் ஆண்டில் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்டு சப்ரகமுவ தனி மாகாணமானது. 1897ஆம் ஆண்டில், ஆளுநர் வெஸ்ற் ரிட்ஜ்வேயின் காலத்தில், முதலாம் இலக்கத் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அதன் செயன்முறை எளியது. இன்ன எல்லைக்குட்பட்ட நிலத்துக்கு உரிமை கோருபவர் மூன்று மாதத்துக்குள் முன்வர வேண்டும் என்று அறிவித்தல் விடப்படும். எவரும் வராவிட்டால் நிலம் முடிக்குரியதாகப் பிரகடனமாகும். வந்தால் விசாரணை நடக்கும். பெரும்பாலும் ஒரு பங்கு உனக்கு, ஒரு பங்கு அரசாங்கத்துக்கு என்று சமரசம் பேசப்படும். உடன்படாதவன் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். எழுத்தறியாத உழவன் வேலையைப் போட்டுவிட்டுக் கச்சேரிக்கு நடந்து, கிராமத் தலைவனின் தயவை நாடி, சட்டத்தரணிக்குப் பணம் தேடித் தன் பாட்டனின் சேனைக்காக அரசாங்கத்தோடு வழக்காடுவது எங்ஙனம்?

சேனை நிலத்தின் உரிமை பலருக்கும் பொதுவாக, பங்கு பங்காக இருந்தது. அளவைக்கும் விசாரணைக்கும் அஞ்சிய கிராமத்தவர் தம் பங்குகளை அற்பத் தொகைக்குத் தரகரிடமும் தலைமைக்காரரிடமும் பட்டணத்து முதலாளியிடமும் விற்றுத் தீர்த்தனர். சிலர் கையில் பல பங்குகள் சேர்ந்தன. அவர்கள் கச்சேரிக்குச் சென்றபோது சட்டத்தரணியோடு சென்றார்கள். ஆகவே தரிசுச் சட்டம் வெள்ளைத் தோட்டக் கம்பனிக்கு மட்டுமே உதவியது என்று கூறுவது முழு உண்மையன்று. சுதேச முதலாளி வர்க்கத்தின் ஒரு பகுதியும் அதே கதவின் வழியாகவே உள்ளே நுழைந்தது. சப்ரகமுவயின் இறப்பர் நிலத்தில் கணிசமான பங்கு உள்நாட்டு முதலாளிகளுடையதாக இருந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

உரிமை நிர்ணயம் முடிந்த ஊர்களுக்கு 'இறுதிக் கிராம வரைபடம்' என்றொரு படம் வரையப்பட்டது. இறுதி என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். எண்ணுக்கு எதிரே காணியின் பெயர், பரப்பு, உரியவர். காணியின் பெயர்கள்தாம் சாட்சிகளாக எஞ்சின. சிங்களத்தில் வயலுக்குக் 'கும்புற', தோட்டத்துக்கு 'வத்த', சேனைக்கு 'ஹேன'. சப்ரகமுவயில் இன்று இறப்பர் நிற்கும் துண்டுகள் பலவற்றின் உறுதிப்பெயர் 'ஹேன' என்றே முடிகிறது. சட்டம் தரிசு என்று சொன்ன நிலத்தை, அதன் பெயரே, இங்கு ஒருவன் குரக்கன் விதைத்தான் என்று மறுத்துக்கொண்டிருக்கிறது.

இறப்பரும் லயமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டியின் சக்கரத்துக்கு இறப்பர் வேண்டியிருந்தது. 1910ஆம் ஆண்டளவில் அதன் விலை உச்சிக்கு ஏறியது. கொழும்பிலிருந்து களனிப் பள்ளத்தாக்கின் வழியே அவிசாவளைக்கும், ஒரு கிளையாக எட்டியாந்தோட்டைக்கும், மறு கிளையாக இரத்தினபுரிக்கும் சிறுபாதை இரயில் வந்தது. சங்கிலி போன இடத்துக்குத் தண்டவாளம் போயிற்று. தண்டவாளம் போன இடத்துக்குக் கங்காணி ஆள் கொண்டுவந்தான்.

சேனையை இழந்த சிங்கள உழவன் தோட்டத்தில் கூலியாக மாற எளிதில் இசையவில்லை. அவனுக்கு இன்னும் சிறிது வயலும் வீட்டுத்தோட்டமும் எஞ்சியிருந்தன. ஆண்டு முழுவதும் பெரட்டுக்கு வந்து நிற்க அவன் ஆயத்தமில்லை. முதலாளிக்கு வேண்டியது நிலத்தோடு எந்தப் பற்றும் இல்லாத, இரவும் பகலும் தோட்டத்திலேயே கிடக்கிற உழைப்பு. அதனைத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்கள் தந்தன. பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் நிலமிழந்து நின்றவன், இங்கே நிலமிழந்தவனின் சேனையில் குடியேற்றப்பட்டான். இருவரும் ஒரே இயந்திரத்தின் இரு பற்களுக்கிடையில் அகப்பட்டவர்கள். ஆனால் கிராமத்தவன் கண்ணுக்குத் தெரிந்தது கொழும்பு முகவர் நிலையமோ இலண்டன் பங்குதாரனோ அல்லன். தன் பாட்டனின் சேனையில் பால்வாளியோடு நடந்த தமிழ்க் கூலியே அவன் கண்ணுக்குத் தெரிந்தான்.

தோட்டத்தின் அளவைப் படத்தை விரித்தால் எல்லைக் கல்லும் ஓடையும் பாதையும் துல்லியமாக இருக்கும். உரிமையாளர் என்ற இடத்தில் ஒரு கம்பனியின் பெயரோ ஒரு முதலாளியின் பெயரோ இருக்கும். லயத்தில் குடியிருப்பவனுக்கு அந்தப் பட்டியலில் நிரல் இல்லை. வேலை இருக்கும் வரையில் அவனுக்கு அறை உண்டு. வேலை போனால் அறையும் போகும். அவன் வாழ்ந்த இடம் அவனுக்கு வீடன்று, சம்பளத்தின் ஒரு பகுதி. பெயர்களிலும் இந்தப் பிளவு தெரிகிறது. ஒரே குன்றுக்குக் கிராமத்தவன் சிங்களப் பெயர் சொல்வான். துரை தன் ஊர்ப் பெயரைச் சூட்டுவான். தொழிலாளி தனக்குள் ஒரு தமிழ்ப் பெயர் வைத்துக்கொள்வான். படத்தில் அச்சேறியவை முதலிரண்டு மட்டுமே.

கொடுப்பதற்கு அளந்த காலம்

1920களில் காற்றுத் திசைமாறியது. கிராமத்து நிலமின்மை அரசியற் பிரச்சினையாயிற்று. 1927ஆம் ஆண்டில் காணி ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டு 1929 வரையில் விசாரணை நடத்திற்று, டி. எஸ். சேனநாயக்காவும் அதில் ஓர் உறுப்பினர். முடிக்குரிய நிலத்தைக் கண்டபடி விற்பதை நிறுத்தி, இன்ன நிலம் கிராம விஸ்தரிப்புக்கு, இன்னது குடியேற்றத்துக்கு, இன்னது காட்டுக்கு, இன்னது மேய்ச்சலுக்கு என்று முன்கூட்டியே படத்தில் குறித்து ஒதுக்கவேண்டும். உழவர் தேவைக்கே முதலிடம் கொடுக்கவேண்டும் என்று அக்குழு விதந்துரைத்தது. 1931ஆம் ஆண்டில் தரிசுச் சட்டம் நீங்கிக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் வந்தது. 1935ஆம் ஆண்டில் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. நிலம் பெறும் உழவன் அதனை விரும்பியபடி விற்கவும் ஈடுவைக்கவும் இயலாதவாறு அது தடைவிதித்தது; தரகன் மீண்டும் விழுங்காதிருக்க அந்த ஏற்பாடு.

இவை முற்போக்கான ஏற்பாடுகளே. ஒரு நூற்றாண்டுக் கொள்ளைக்குப் பின்னர் உழவனுக்கு ஒரு துண்டு நிலம் கிடைப்பதை எந்தச் சனநாயகவாதி எதிர்ப்பான்? ஆனால் அச்சட்டத்தின் பயன் 'இலங்கையருக்கு' உரியதாக வரையறுக்கப்பட்டது. அந்த வரையறைக்குப் பூர்வீக வதிவிடம் அளவுகோலாயிற்று. தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்த இந்தியத் தமிழ்த் தொழிலாளி அந்த அளவுகோலுக்கு வெளியே நின்றான். 1944–45இல் சோல்பரி ஆணைக்குழுவின் முன்னர் பாகுபாடு காட்டும் சட்டங்கள் என்று எடுத்துக்காட்டப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று.

சட்டத்தில் ஒரு சொல்லின் பொருளாக மட்டும் இருந்த இந்த விலக்கு, மண்ணில் என்னவாகும் என்பதைக் கேகாலை மாவட்டத்தின் ஒரு தோட்டம் காட்டியது.

நேவ்ஸ்மியர்

உந்துகொடைப் பகுதியிலிருந்த நேவ்ஸ்மியர் தோட்டம், இங்கிலாந்தின் யோர்க் நகரத்துக் குதிரைப் பந்தயத் திடலின் பெயரைத் தாங்கியது. 1940களில் கிராம விஸ்தரிப்புக்கென அரசாங்கம் இத்தோட்டத்தைச் சுவீகரித்தது. அயற்கிராமங்களின் நிலமற்ற சிங்கள உழவர்க்கு அதைப் பிரித்துக் கொடுப்பது திட்டம். தோட்ட முதலாளிக்குச் சட்டப்படி நட்டஈடு உண்டு. உழவனுக்குத் துண்டு உண்டு. லயத்தில் இருந்தவர்களுக்கு வெளியேறும்படி அறிவித்தல் மட்டுமே உண்டு.

1946ஆம் ஆண்டில் அவர்கள் வெளியேற மறுத்தனர். நாங்கள் போவதற்கு வேறிடம் இல்லை என்பதே அவர்கள் வாதம். வேறு வாதம் அவர்களுக்குத் தேவைப்படவுமில்லை. அரசாங்கம் அவர்கள்மீது குற்றவியல் அத்துமீறல் வழக்குத் தொடுத்தது. பிறந்த வீட்டில் இருந்தவன் அத்துமீறி நுழைந்தவன் ஆனான். 1939இல் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரஸின் தலைமையில் களனிப் பள்ளத்தாக்கிலும் கேகாலையிலும் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சம்பளத்துக்காகவும் அரிசிக்காகவும் நடந்த வேலைநிறுத்தங்கள் பலவுண்டு. குடியிருக்கும் உரிமைக்காகத் தோட்டம் தோட்டமாக வேலையை நிறுத்தியது இதன் தனிச்சிறப்பு.

வழக்கு மேன்முறையீடாகி இலண்டன் பிரிவி கவுன்சில் வரையில் சென்றது. ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயரால் சட்ட நூல்களில் இன்றும் வழங்கும் அத்தீர்ப்பு 1950ஆம் ஆண்டில் வந்தது. ஒருவன் தனக்கு உரிமை உண்டென்று நேர்மையாக நம்பி ஓரிடத்தில் தங்கியிருந்தால், அந்த உரிமைக் கோரிக்கை சட்டத்தில் நிலைக்காததாக இருப்பினும், நிலத்துக்குரியவருக்கு அதனால் தொல்லை நேரும் என்பது தெரிந்ததாயினும், அதுகொண்டு மட்டும் அவன் குற்றவாளியாகிவிடமாட்டான் என்ற கோட்பாட்டை அத்தீர்ப்பு வகுத்தது. பின்னாளில் இந்திய நீதிமன்றங்களும் இதை எடுத்தாண்டன. ஒரு கூலியின் பிடிவாதம் இரு நாட்டுச் சட்டத்துக்கு ஒரு கோட்பாட்டைத் தந்தது எனலாம்.

ஆனால் அத்தீர்ப்பு எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். தங்கியிருந்தது குற்றமன்று என்றது. அந்த நிலத்தில் அவனுக்குப் பங்கு உண்டு என்று அது சொல்லவில்லை. தீர்ப்பு வந்தபோது பங்கு கேட்பதற்கான அடித்தளமே பறிக்கப்பட்டிருந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இலங்கை இந்தியர் காங்கிரஸுக்கு ஏழு ஆசனங்களைத் தந்தன. வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. நிலத்தில் இல்லாதவன் நாட்டிலும் இல்லாதவனானான்.

நாம் விட்ட பிழை

இந்த வரலாற்றில் நமது பக்கத்தின் பங்கையும் நாம் நேர்மையாகக் கணிக்க வேண்டும். களனிப் பள்ளத்தாக்கு இலங்கை இடதுசாரி இயக்கத்தின் தொட்டில்களுள் ஒன்று. 1934–35 மலேரியாக் கொள்ளைநோயின்போது கேகாலைக் கிராமங்களில் அரிசியும் மருந்தும் சுமந்து நடந்த இளைஞர்களே பின்னர் சமசமாஜக் கட்சியாயினர். 1936இல் என். எம். பெரேராவை ருவன்வெல்லை மக்கள் அரசாங்க சபைக்கு அனுப்பினர். கிராமத்து உழவனையும் தோட்டத்துத் தொழிலாளியையும் ஒரு கொடியின்கீழ் நிறுத்தும் வாய்ப்பு இப்பகுதியிலேயே மிகுதியாக இருந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்ததும் உண்மை.

எனினும், இந்நிலம் உங்கள் இருவரிடமிருந்தும் பறிக்கப்பட்டது. ஒருவனிடமிருந்து சேனையாக, மற்றவனிடமிருந்து உழைப்பாக என்று இருவர் மொழியிலும் ஓயாமல் சொல்லும் வேலை முடிக்கப்படவில்லை. உழவனின் கோரிக்கை கிராமத்தில் தனியாகவும், தொழிலாளியின் கோரிக்கை லயத்தில் தனியாகவும் வளர்ந்தன. இடைவெளியில் இனவாதம் குடிபுகுந்தது.

அதன் பயனை 1970களில் கண்டோம். 1972ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் கைவசம் இருக்கத்தக்க நிலத்துக்கு ஐம்பது ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. இடதுசாரிகள் அங்கம் வகித்த அரசாங்கத்தின் சட்டம் அது. 1975ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. 1840இன் கொள்ளைக்கு ஒரு பதில் வந்தது என்று மகிழ வேண்டிய நாள்கள் அவை. ஆனால் நிலம் மீண்டும் அளக்கப்பட்டபோது மீண்டும் லயம் விடுபட்டது. பிரிக்கப்பட்ட தோட்டங்கள் பலவற்றில் தொழிலாளர் வேலையிழந்தனர், விரட்டப்பட்டனர். 1973–74 உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு நிகழ்ந்தது. 1977இலும், 1981 ஓகஸ்ற் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்திலும் லயங்கள் தாக்கப்பட்டன. உயிர்தப்பியோர் பலர் வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் போய்க் காடு வெட்டினர். சேனைக்காரனின் பேரன் லயத்தைத் தாக்கிய நாளில், அவன் பாட்டனின் நிலத்தை ஐந்து சிலிங்குக்கு விற்றவர்களின் பெயர் எவர் வாயிலும் வரவில்லை.

மூன்றாம் அளவை

1992ஆம் ஆண்டில் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் நிலம் நீண்டகாலக் குத்தகையாயிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. ஆகவே தொழிலாளி இன்று நாட்டின் குடிமகன், வாக்காளன். ஆனால் கிராமத்துக் குடிமகன் காணிக் கச்சேரிக்குப் போய்க் கேட்கும் துண்டை, தோட்டத்துக் குடிமகன் கம்பனியின் சம்மதத்தோடு கேட்க வேண்டியிருக்கிறது. ஏழு பேர்ச் தாமதமாவதன் பொருளாதாரக் காரணம் இங்கேயே இருக்கிறது. தனக்கென ஒரு முகவரியும் உறுதியும் உள்ளவன் எங்கும் வேலை தேடுவான். அறை போய்விடும் என்ற அச்சமின்றிக் கூலி பேசுவான். லயத்து அறை வெறும் சுவரன்று. அது குறைந்த கூலிக்கு இடப்பட்ட வேலி.

2016ஆம் ஆண்டு மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தில் மலை சரிந்தது. அரநாயக்கவில் சிங்களக் கிராமங்கள் புதையுண்டன. அதே மழையில் புளத்கொஹுபிட்டியில் தோட்டத்து லயமும் அதில் இருந்தோரும் புதையுண்டனர். எல்லைக் கல்லை மண்சரிவு மதிக்கவில்லை. தப்பிய கிராமத்தவனுக்கும் தப்பிய தொழிலாளிக்கும் மறுநாள் வேண்டியிருந்தது ஒன்றே: உறுதியான மண்ணில், தன் பெயரில், அளந்து கொடுக்கப்பட்ட ஒரு துண்டு நிலம். நூறாண்டுகளாக எதிரெதிரே நிறுத்தப்பட்ட இருவரின் தேவையும் ஒன்றுதான் என்பதைச் சொல்ல இத்தனை உயிர்கள் வேண்டியிருந்தனவா?

ஏழு பேர்ச்சுக்கு ஏற்கெனவே கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஓர் ஏக்கரில் 160 பேர்ச். பாதைக்கும் வடிகாலுக்கும் விட்டுவைத்தாலும் ஏறத்தாழ இருபது குடும்பங்களுக்கு ஓர் ஏக்கர் போதும். ஆயிரம் ஏக்கர்த் தோட்டத்தில் முந்நூறு குடும்பங்களுக்குப் பதினைந்து ஏக்கர். இதைக் கொடுத்தால் தேயிலையும் இறப்பரும் அழிந்துவிடும் என்பார் கூற்றை நமது ஐந்தாம் வகுப்பு மாணவனே மறுத்துவிடுவான். வீட்டுக்கு மட்டுமன்றிப் பயிருக்கும் நிலம் வேண்டும் என்ற கோரிக்கையும் நியாயமானதே. கூலி வேலை குறைந்து தோட்டங்கள் பற்றையாகிவரும் இந்நாளில் அது மேலும் நியாயமாகிறது. ஆனால் அந்நிலத்தைக் கேட்கும்போது அயற்கிராமத்து நிலமற்றவனையும் அருகில் நிறுத்திக் கேட்க வேண்டும். தனித்துக் கேட்டவர்களுக்கு நேர்ந்ததை 1946 நமக்குச் சொல்லியிருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. நமது பாடசாலை அமைந்திருக்கும் ஊரின் கிராம வரைபடத்தைத் தேடிப் பெறுவோம். 'ஹேன' என்று முடியும் துண்டுகளை எண்ணுவோம். அவற்றில் இன்று என்ன நிற்கிறது, யார் உழைக்கிறார், யார் பெயரில் இருக்கிறது என்று மூன்று நிரல்களில் எழுதுவோம். கிராமத்துப் பாட்டனிடம் சேனையின் கதையையும் லயத்துப் பாட்டியிடம் தோட்டத்தின் தமிழ்ப் பெயரையும் கேட்டு அதே தாளில் குறிப்போம். சிங்கள வகுப்பும் தமிழ் வகுப்பும் இதைச் சேர்ந்து செய்யுமாயின் இன்னும் நன்று. அடுத்த முறை அளவையாளர் சங்கிலியோ அதற்குப் பதிலாக வந்துள்ள புதுக் கருவியோ கொண்டு மலையேறும்போது, அந்தத் தாளை அவர் முன் விரித்து, இவர்களும் இங்கே இருக்கிறார்கள். இவர்களையும் படத்தில் போடுங்கள் என்று சொல்ல நமக்குக் கையில் ஆதாரம் இருக்கும்.